பிற

கொருக்குப்பேட்டை கேட்டுக்கு மேலே
கம்பத்தில் ஒரு கண் மாட்டியிருக்கிறார்கள்.
அது பார்ப்பதையெல்லாம் தரமணிக்கு அனுப்பும்.
தரமணியில் நான் உட்கார்ந்து
அது பார்த்தது என்னவென்று
அதற்கே சொல்லித் தருகிறேன்.

ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு பெட்டி வரைய வேண்டும்.
பேருந்துக்கு நீலம், ஆட்டோவுக்கு மஞ்சள்,
கன்டெய்னர் இழுக்கும் டிரெய்லருக்குச் சிவப்பு.
எண்ணூர் சாலைப் படங்களைத் திறந்தால்
திரை முழுக்கச் சிவப்புதான்.
பெட்டிக்கு நாற்பது காசு.

ஒருநாள் மீன்பாடி வண்டி வந்தது.
முன்னால் பலகை, பின்னால் ஆள்,
அடியில் எந்த ஸ்கூட்டரிலிருந்தோ கழற்றிய என்ஜின்.
மென்பொருள் அதைச் சைக்கிள் என்றது.
மறுநாள் ஆட்டோ.
ஐஸ் பெட்டி ஏற்றிய அன்று ஃப்ரிட்ஜ்.
பீரோவைப் படுக்க வைத்துக்கொண்டு போனபோது
கதவு என்று அடித்துச் சொன்னது.

ஹேமப்ரியா மேடத்திடம் கேட்டேன்.
"எட்டு வகைதான். ஒன்பதாவதாக 'பிற' இருக்கிறதே."
நல்லவர்தான்.
இந்தக் கேட்டில் ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்
எத்தனை பேருக்கு வீணாகிறது,
எவ்வளவு டீசல் நின்ற இடத்திலேயே புகைகிறது என்று
கணக்கெடுக்கக் கிளம்பியவர்.

பிலவேந்திரன் அண்ணனைப் பிற என்று குறித்தேன்.
கூடையோடு பஸ்ஸில் ஏற்றாததால்
அவர் பலகையில் காலைத் தொங்கப்போட்டு வந்த
எஸ்தர் அக்காவையும் இன்னும் மூன்று பேரையும்
நான்கு அன்னக்கூடைகளையும்
சேர்த்து ஒரே பெட்டி.
நாற்பது காசு.

நேற்று வந்த படத்தில்
கேட் மூடியது 8.41.
ஒரு நிலக்கரி வண்டி, பெட்டி எதுவும் இல்லாத ஒற்றை என்ஜின்,
அப்புறம் எதுவுமே இல்லை.
8.52க்கு ஊதா துப்பட்டாக்காரி ஒருத்தி
தடுப்புக்கு அடியில் பையை முதலில் தள்ளி
பிறகு தலையைக் குனிந்து நுழைகிறாள்.

அந்தப் பையை எனக்குத் தெரியும்.
ஜிப் போனதும் ஊக்கு குத்தியது நான்தான்.

பாதசாரி என்றது மென்பொருள். சரி.
விதிமீறலா? ஆம், இல்லை.
ஆம் என்றால் கூடுதலாகப் பத்துக் காசு.

கடற்கரை போகும் ரயில் 8.55க்கு.
என்னை ஏற்றிப் போக வரும் ரயிலுக்காகத்தான்
என்னை மறித்துக் கேட் போட்டிருந்தது.
இதை எழுத எந்தக் கட்டத்திலும் இடமில்லை.

படத்தைப் பின்னால் ஓட்டினேன்.
8.41 முதல் 8.52 வரை நான் அங்கேதான் நின்றேன்.
என்னைச் சுற்றிப் பெட்டி இல்லை.
எஸ்தர் அக்காவைச் சுற்றி இல்லை,
யூனிஃபார்ம் பிள்ளைகளைச் சுற்றி இல்லை,
கேஸ் சிலிண்டர்க்காரரைச் சுற்றியும் இல்லை.

மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.
வெகுநேரம் கழித்துச் சொன்னார்:
"அசைவதைத்தான் எண்ணும்.
ஐந்து நிமிடம் அப்படியே நின்றால்
பின்னணி என்று எடுத்துக்கொள்ளும்,
சுவர் மாதிரி."

சாயங்காலமே வேலை கொடுத்தார்.
காத்திருப்பு என்று ஒரு புதுக் கட்டம்.
மீன்பாடி வண்டிக்குத் தனி வகை;
அதற்கு ஐந்நூறு படம் வேண்டும்,
எல்லாப் பக்கத்திலிருந்தும், தெளிவாக.

ஓடிப்போய் அண்ணனிடம் சொன்னேன்.
அவர் என்ஜினை அணைக்கவில்லை.
"இன்னாத்துக்கு? புடிக்கவா?"
இல்லண்ணா, எண்ணுறதுக்கு.
"மொதல்ல எண்ணுவான்.
நம்பர் இல்லாத வண்டிம்மா இது.
பிறன்னே உட்டுடு."

என்ன சொல்வதென்று தெரியவில்லை.
அதற்குள் கேட் விழுந்தது.
ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள்.
மணி 6.20.

நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை
கம்பத்தைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.
எஸ்தர் அக்கா கூடையைக் கீழே வைத்துவிட்டு
நான் பார்த்த பக்கம் பார்த்தாள்.
"யாருக்குடி டாட்டா காட்டுற?"

சொன்னேன்.
அவளுக்கு அதில் பாதிதான் புரிந்திருக்கும்.
ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு
அவளும் ஒருமுறை ஆட்டினாள்,
சும்மா ஒரு தடவை,
பஸ்ஸை நிறுத்துவது போல.